லெக் ஷீல்டின் உட்புறம்: அடுகோடியும் டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டரின் கருவிப்பெட்டியும்

ஸ்கூட்டரின் முன்சக்கரத்துக்குப் பின்னால் எழுந்து ஓட்டுபவரின் கால்களை மறைத்து நிற்கும் அகன்ற தகடு லெக் ஷீல்டு எனப்படுகிறது. இத்தாலியில் 1946-இல் பியாஜியோ நிறுவனத்தின் வெஸ்பாவும் 1947-இல் இன்னொசெண்டி நிறுவனத்தின் லாம்பிரெட்டாவும் வெளிவந்தபோது, அன்றாட உடையிலேயே அலுவலகத்துக்கும் கடைக்கும் செல்பவர் மீது சேறும் மழைநீரும் தெறிக்காமல் காப்பதே அத்தகட்டின் முதல் வேலையாக இருந்தது. அதன் உட்புறத்தில், ஓட்டுபவரின் முழங்கால்களுக்கு எதிரே வெறுமையாகக் கிடந்த இடத்தில், கருவிப்பெட்டி ஒன்றைத் தனியே செய்து பொருத்தும் வழக்கம் பின்னர் தோன்றியது. இத்தாலியில் அத்தகைய பெட்டிகளைத் துணைப்பொருள் நிறுவனங்கள் செய்து விற்றன. இந்தியாவிலோ அந்த வேலை பெரும்பாலும் டிங்கர் பட்டறைகளின் கைக்கு வந்தது. பெங்களூருவில் இந்த வழக்கத்தின் வரலாற்றை எழுத முற்படுபவர், பெட்டிக்குள் தவறாமல் இடம்பிடித்த ஒரு சிறு பொருளின் வழியே அடுகோடிக்கு வந்து சேர்வார்.

ஓசூர் சாலையை ஒட்டிய அடுகோடி, 1923-இல் நிறுவப்பட்ட அரசு கால்நடை, பால்பண்ணை ஆய்வு நிலையத்தால் முதலில் அறியப்பட்டது. இன்றைய தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் அதன் தொடர்ச்சியாகும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1951-இல் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது ஊரார் நாவில் 'மைகோ', இங்கே தன் ஆலையை அமைத்தது. டீசல் எஞ்சினுக்கு எரிபொருளை அளந்து செலுத்தும் பம்ப்புகளையும், பெட்ரோல் எஞ்சினில் பொறியை எழுப்பும் ஸ்பார்க் பிளக்கையும் அந்நிறுவனம் செய்தது. பம்ப்பின் உள்ளுறுப்புகள் மைக்ரான் கணக்கில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில், ஒன்றோடொன்று பொருந்த வேண்டியவை என்பதால், நுண்ணளவு வேலையில் தேர்ந்த தொழிலாளர் கூட்டம் ஒன்று இப்பகுதியைச் சுற்றி உருவானது. பி.டி.எம். லேஅவுட்டை ஒட்டிய மைகோ லேஅவுட் இன்றும் அந்நிறுவனத்தின் பெயரைச் சுமக்கிறது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். ஆகிய பொதுத்துறை ஆலைகளையும் சேர்த்துப் பார்த்தால், தகட்டையும் அளவையும் அறிந்த கைகள் இந்நகரில் ஏராளமாக இருந்தது விளங்கும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் உராய்வைக் குறைக்கும் எண்ணெய் பெட்ரோலுடனேயே கலந்து உள்ளே சென்று எரிகிறது. எரியாமல் மிஞ்சுவது கரியாகப் பிளக்கின் முனையில் படிகிறது. படிந்த கரி முனைகளுக்கிடையே பாலம் போட்டுவிட்டால் பொறி எழாது, வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். அப்போது ஓட்டுபவரே இறங்கி, 21 மி.மீ. பிளக் ஸ்பானரால் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, முனைகளின் இடைவெளியைச் சரிசெய்து மாட்ட வேண்டியிருந்தது. சூடான பிளக் கைகொடுக்காதபோது மாற்றுப் பிளக்கை மாட்டி வண்டியைக் கிளப்பினர். ஆகவே மைகோ பிளக் ஒன்று, பிளக் ஸ்பானர், சக்கர நட்டுகளுக்கான ஸ்பானர், ஸ்குரூ டிரைவர், கிளட்ச் கேபிள், துடைக்கும் பனியன் துணி ஆகியவை எப்போதும் வண்டியோடு பயணம் செய்தன. மெக்கானிக்கைத் தேடிப் போகும் அவசியம் இதனால் குறைந்தது. ஸ்கூட்டர் வைத்திருந்த குமாஸ்தாவும் ஆசிரியரும் அரை மெக்கானிக்குகளாக மாறியது இந்திய நடுத்தர வர்க்கத்தின் வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி.

இக்கருவிகளை எங்கே வைப்பது என்பதில் இந்திய ஸ்கூட்டர்கள் இரு வகையாகப் பிரிந்தன. மும்பையின் ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1955 முதல் லாம்பிரெட்டாவைத் தயாரித்தது. பஜாஜ் 1960களின் தொடக்கத்தில் பியாஜியோவின் உரிமத்துடன் வெஸ்பாவைத் தயாரித்து, உரிமம் முடிந்தபின் 1972-இல் சேத்தக் என்ற சொந்தப் பெயரில் தொடர்ந்தது. வெஸ்பா வழிவந்த வண்டிகளில் எஞ்சின் வலப்பக்கம் அமைந்ததால், இடப்பக்கத்து உப்பிய உறை தாராளமான டிக்கியாகப் பயன்பட்டது. லாம்பிரெட்டாவில் எஞ்சின் நடுவே இருந்து இருபுறமும் மூடிகளால் மறைக்கப்பட்டதால், கருவிகளுக்குக் கிடைத்த இடம் சிறியது. எனவே லெக் ஷீல்டுப் பெட்டியின் தேவையை அதிகம் உணர்ந்தவர்கள் லாம்பிரெட்டாக்காரர்களே என்று கருதுவது பொருந்தும்.

பெட்டியைப் பொருத்தும் முறையையும் இதே வேறுபாடுதான் தீர்மானித்தது. லாம்பிரெட்டாவுக்குள் குழாய்ச் சட்டம் உண்டு, லெக் ஷீல்டு அதன்மீது போல்ட்டால் பிணைக்கப்பட்ட தனித் தகடு. ஆகவே அதைக் கழற்றி, துளையிட்டு, மீண்டும் மாட்டுவதால் வண்டியின் வலு குறைவதில்லை. வெஸ்பாவிலோ சட்டம் என்று தனியே ஒன்றில்லாமல் தகட்டு உடலே முழுச்சுமையையும் தாங்குகிறது, லெக் ஷீல்டும் அவ்வுடலின் பகுதி. அதில் கண்ட இடத்தில் துளையிட்டால், துளையின் விளிம்பில் பெயிண்ட் உரிந்து, மழைநீர் புகுந்து, துருவும் அதிர்வும் சேர்ந்து நாளடைவில் விரிசலை உண்டாக்கும். அதனால் நல்ல டிங்கர் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளையே முதலில் நாடுவார். புதுத் துளை தவிர்க்க முடியாததாயின், பின்புறம் தடித்த பட்டை ஒன்றை வைத்துச் சுமையைப் பரப்புவார். பெட்டிக்கும் தகட்டுக்கும் இடையே ரப்பர் கொடுப்பார்.

பெட்டி செய்யும் வேலை அட்டையில் தொடங்கியது. லெக் ஷீல்டின் உட்புறம் நேராக இல்லாமல் நடுவே ஸ்டியரிங் குழாயைச் சுற்றி வளைந்து செல்வதால், அந்த வளைவை அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு 20 அல்லது 22 கேஜ் தகட்டில், அதாவது ஏறத்தாழ 0.9 அல்லது 0.7 மி.மீ. தடிமனில், வரைந்து வெட்ட வேண்டும். ஓரங்களை மடித்து, மூலைகளைக் காஸ் வெல்டிங்கால் இணைத்து, மூடிக்கு நீளக் கீலும் பூட்டும் வைத்து, மழைநீர் இறங்காதபடி மூடியின் விளிம்பை வெளிநோக்கி மடிப்பதில் செய்பவரின் தேர்ச்சி தெரிந்தது. ஹேண்டிலை முழுவதும் திருப்பும்போது பெட்டி தடுக்கக் கூடாது, வலக்கால் பின்பிரேக் மிதிக்குத் தடையின்றிச் செல்ல வேண்டும், ஹாரனின் ஒயர் நசுங்கக் கூடாது. இவற்றோடு இந்தியாவுக்கே உரிய ஒரு வரம்பும் இருந்தது: குடும்பத்தின் சிறு குழந்தை நின்று பயணம் செய்யும் இடமும், சமையல் எரிவாயு சிலிண்டர் வீடு வந்து சேரும் இடமும் அதே ஃபுட்போர்டுதான். ஆழமான பெட்டி குழந்தையின் நெற்றியில் இடிக்கும் என்பதால், ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவதும் விளிம்புகளை உருட்டிவிடுவதும் இங்கே சிறந்த வேலையின் அடையாளங்களாகக் கொள்ளத்தக்கவை.

புதிய ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில், கிடைத்த வண்டியைத் தன் தேவைக்கேற்பத் திருத்திக்கொண்டு பல்லாண்டுகள் ஓட்டுவதே நடைமுறையாக இருந்தது. தனிப்பெட்டிகள் அந்த நடைமுறையின் விளைவே. பின்னர் ஆலைகளே இந்த யோசனையை ஏற்றுக்கொண்டன. 1970களின் பிற்பகுதியில் வெளிவந்த வெஸ்பா பி.எக்ஸ். வரிசையிலும், அதன் வழியில் 1980களில் கான்பூரில் உருவான எல்.எம்.எல். வெஸ்பாவிலும் லெக் ஷீல்டின் உட்புறத்தில் பூட்டுள்ள பெட்டி இடம்பெற்றது. 2000களின் தொடக்கத்தில் பரவிய ஆக்டிவா இருக்கைக்கடியில் இடம் தந்தது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் பரவியபின் பிளக்கை வழியில் கழற்றும் தேவையும் அருகியது. மைகோ 2008-இல் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாறியது. அடுகோடி ஆலையின் உற்பத்தி பிடதிக்கு நகர்ந்தபின், அவ்வளாகம் 2022-இல் 'ஸ்பார்க் நெக்ஸ்ட்' என்ற தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்டது.

பழைய ஸ்கூட்டர்களை மீட்டெடுக்கும் ஆர்வம் இப்போது வளர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஆலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றம் மட்டுமே உண்மையானது என்ற எண்ணத்தில், பட்டறையில் செய்த பெட்டிகள் கழற்றி எடைக்குப் போடப்படுவது பெரிய இழப்பாகும். அந்தத் தொழிலுக்கு ஏடோ வரைபடமோ கிடையாது, பெட்டியே அதன் ஆவணம். ஆகவே மீட்டெடுப்பவர்கள் அதை அகற்றுமுன் படமெடுத்து, அளவெடுத்து, எந்தப் பட்டறையில் எந்த ஆண்டில் செய்தது என்பதை வண்டிக்காரரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். அந்தப் பட்டறைக்காரர்கள் முதுமையை எட்டிவிட்டதால், இப்பணியைத் தள்ளிப்போட இடமில்லை.