ஒலுவில் துறைமுகம் பிறந்த கதை

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலிருந்து தெற்கே போனால் சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், அதற்கும் அப்பால் ஒலுவில். அங்கே துறைமுகம் வேண்டும் என்ற எண்ணத்தைத் தந்தது எங்கள் அரசியல்தான்.

1994இல் சந்திரிகா குமாரதுங்கவின் ஆட்சி வந்தபோது, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சரானார். வேலைக்கும் படிப்புக்கும் கொழும்பையே பார்த்துக்கிடந்த கரையோரம் இது. உள்நாட்டுப் போர் பாதைகளை அடைத்திருந்த காலம் வேறு. 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. அடுத்த ஆண்டே அது பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஒலுவிலில் அமையும் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு துறைமுகமும் வந்துவிட்டால் இந்தப் பிரதேசம் தன் காலில் நிற்கும் என்று அவர் நம்பினார். அது நியாயமான நம்பிக்கை. இன்றைக்கு அந்தத் துறைமுகத்தைக் குறைசொல்லும் எவரும் இந்த நியாயத்தை ஒதுக்கிவிட்டுப் பேசக்கூடாது. துறைமுகத்துக்கு முன்பே ஒலுவிலில் வெளிச்சவீடு எழும்பியது. 2000 செப்டம்பர் 16ஆம் திகதி, அம்பாறைக்குப் புறப்பட்ட ஹெலிகொப்டர் அரநாயக்க மலைப்பகுதியில் விழுந்து அஷ்ரப் மறைந்தார். அதன்பிறகு ஒலுவில் துறைமுகம் 'தலைவரின் கனவு' ஆகிவிட்டது. கனவென்று ஆனதை யார் கேள்வி கேட்பார்?

2004 டிசம்பர் 26இல் கடல் சுனாமியாக ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் இதுதான். கிழக்கிலும் வடக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு சொன்னது. கல்முனைக்குடியில் நாலைந்து பேர்ச் காணியில் குடியிருந்தவர்களுக்கு 200 மீற்றர் என்றால் வளவும் வாழ்வும் சேர்ந்த முழுச் சொத்து. பிறகு அந்தத் தூரம் தளர்த்தப்பட்டது. ஆனால் மீனவனின் குடிசையைக் கடலுக்கு ஆகாதென்று கண்ட அதே அரசு, 2008இல் ஒலுவில் கடலுக்குள் பாறாங்கற்களைக் கொட்டி அலைதடுப்பு அணைகளைக் கட்டத் தொடங்கியது. டென்மார்க்கின் கடன், சுமார் 4 கோடி 60 இலட்சம் யூரோ. கட்டியதும் டென்மார்க் நிறுவனம்தான். 2013 செப்டம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ திறந்துவைத்தார்.

இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. ஆண்டு முழுவதும் அலை அதை இங்குமங்கும் நகர்த்துகிறது. கூட்டிக்கழித்துப் பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே போகிறது. குறுக்கே அணை போட்டால் தென்புறத்தில் மணல் குவியும், வடபுறத்துக்கு வரவேண்டிய மணல் வராது. ஆனால் அலை வழக்கம்போல் அங்கே அள்ளிக்கொண்டே இருக்கும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. சென்னைத் துறைமுகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தபோதே தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் கரைந்தது. நூறாண்டுக்கு மேலாகத் தமிழர் கண்முன் நின்ற பாடம் இது.

ஒலுவிலில் தென்னந்தோப்புகள் வேரோடு சரிந்தன. கல் போட்டார்கள், கல் போட்ட இடம் தப்பியது, அரிப்பு அடுத்த கரைக்கு நகர்ந்தது. நிந்தவூர் கரைந்தது. மாளிகைக்காட்டில் மையவாடியையே கடல் தின்றது. கரைவலை இழுக்கவும் தோணியை ஏற்றி வைக்கவும் மணற்கரை வேண்டும். கற்குவியலில் அது நடக்காது. சரக்குக் கப்பல் போக்குவரத்தோ அங்கே நிலைபெறவே இல்லை. அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தின் வாயிலை, வடக்கே போகவேண்டிய அதே மணல் வந்து அடைத்தது.

எனக்கு ஆறாத வேதனை அதன்பிறகு நடந்ததுதான். வாயிலைத் தோண்டினால்தான் படகு போகும் என்றார்கள் கல்முனைப் பக்கத்து ஆழ்கடல் படகுக்காரர். எங்கள் கரைக்குத் தீர்வு தராமல் தோண்டவிடமாட்டோம் என்றார்கள் ஒலுவில் மக்கள். இரண்டு பக்கமும் கடலை நம்பிப் பிழைப்பவர்கள். இரண்டு பக்கமும் சொன்னது சரி. கணக்குத் தப்பியது கட்டியவர்களுடையது, அடிபட்டுக்கொண்டது இவர்கள். தேர்தல் மேடைகளில் துறைமுகம் யாருடைய சாதனை என்ற வாதம் ஓயவில்லை. மணல் யாருடைய பொறுப்பு என்று எந்தக் கட்சியும் கேட்கவில்லை.

பிரதேசத்தின் உரிமை பேசும் அரசியலும் சூழலைக் காக்கும் அரசியலும் எதிரெதிர் என்று நான் நினைக்கவில்லை. கரையே இல்லாத கரையோரப் பிரதேசத்துக்கு எந்த அதிகாரத்தைக் கேட்பது? அவுஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்தில் 2001 முதல், தென்புறம் சேரும் மணலைக் குழாய்வழி உறிஞ்சி வடபுறக் கரையில் சேர்க்கிறார்கள். அந்தச் செலவை அரசுகளே ஏற்கின்றன. ஒலுவிலுக்குக் கேட்கவேண்டியதும் இதுதான்: வாயிலில் தோண்டும் மணல் விற்பனைக்குப் போகாமல் நிந்தவூர்ப் பக்கக் கரைக்குப் போகவேண்டும், அந்தச் செலவு ஆண்டுதோறும் துறைமுகத்தின் கணக்கில் எழுதப்படவேண்டும், கரை இழந்தவர்களுக்கு நட்டஈடும் அதே கணக்கிலிருந்து வரவேண்டும். படகுக்காரரும் ஒலுவில் காணிக்காரரும் ஒரே மகஜரில் கையொப்பமிடக்கூடிய கோரிக்கை அது.