நின்றுபோன மலை இரயில்: பெற்றோர் கேட்ட கேள்விக்கு ஒரு வரலாற்றுப் பதில்



பள்ளிச் சுற்றுலாவுக்குப் பினாங்கு என்று முடிவானவுடன் பெற்றோரிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும். "சார், அந்தக் கொடிமலை இரயில் நடுவழியில் நின்றுவிடுமாமே? கெந்திங் கேபிள் காரும் அந்தரத்தில் நின்றதாகச் சொல்கிறார்களே, பிள்ளைகளை ஏற்றலாமா?" என்பார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த நம் தலைமுறைக்கு, நின்றுபோன இயந்திரம் என்றாலே மனம் பதறும். இரப்பர் ஆலையில் இயந்திரம் நின்றால் பால் கட்டிப்போகும், வேலை கெடும், கூலியிலும் கை வைப்பார்கள். ஆகவே, நிற்காமல் ஓடுவதே நல்ல இயந்திரத்தின் இலக்கணம் என்று நாம் கருதிவிட்டோம். மலையேறும் வண்டிகளின் வரலாறு இதற்கு நேர்மாறான செய்தியைச் சொல்கிறது. அதனை ஆசிரிய நண்பர்களுடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கொடிமலையிலிருந்தே தொடங்குவோம். இன்று நாம் அறிந்த இரயில் அம்மலையின் முதல் இரயில் அன்று என்பது பலருக்குத் தெரியாது. 1901 முதல் 1905 வரை, தனியார் முதலீட்டில் அங்கு ஓர் இரயில் பாதை அமைக்கப்பட்டது. இயந்திரக் குறைகளால் அது பயன்படாமலே கைவிடப்பட்டது. பல்லக்கிலும் குதிரையிலும் மலையேறிய வெள்ளைக்கார அதிகாரிகள் பழையபடியே ஏறிக்கொண்டிருந்தார்கள்; பல்லக்கைச் சுமந்தவர்களும் பழையபடியே சுமந்தார்கள்.

இரண்டாவது முயற்சி அரசாங்கத்தினுடையது. மலாய்க் கூட்டு மாநிலங்களின் இரயில்வேயைச் சேர்ந்த ஆர்னல்ட் ராபர்ட் ஜான்சன் என்ற பொறியாளர் அதனை வடிவமைத்தார். அந்த இரயில்வே நமக்கு அந்நியமானதன்று. 1891-இல் திறக்கப்பட்ட சிரம்பான் – போர்ட்டிக்சன் பாதையை 1908-இல் தன் வசமாக்கிக்கொண்டதும் அதே இரயில்வேதான். சிலியாவ் வழியாகச் சென்ற அப்பாதையிலும், நாட்டின் பிற பாதைகளிலும் தண்டவாள வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பயணிகள் வண்டி நின்றுபோய்ப் பல்லாண்டுகள் ஆகிவிட்ட அந்தப் பாதையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இன்னொரு நாள் பார்ப்போம்.

கொடிமலை இரயில் 1923 அக்டோபரில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கி, 1924 ஜனவரி முதல் நாள் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. செலவு 15 இலட்சம் நீரிணைக் குடியேற்ற வெள்ளி. அதன் தத்துவம் நம் கிணற்றுக் கப்பியின் தத்துவமே. ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்கும்போது அதன் எடையே மற்றதை மேலே இழுக்க உதவும். மிச்சத்தை மட்டும் மின்னியந்திரம் பார்த்துக்கொள்ளும். ஆறாம் ஆண்டு அறிவியலில் எளிய எந்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மலை நீளமானதால் பாதையை இரு பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். நடுநிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டும். மொத்தப் பயணம் அரை மணி நேரம் போலாகும். அந்த மாற்றத்தைப் பலர் தொல்லை என்றார்கள். எனக்கோ, குளிர்காற்றில் இறங்கி நின்று அடுத்த பெட்டிக்குக் காத்திருப்பதே அப்பயணத்தின் சுவை.

1977-இல் பெட்டிகள் மாற்றப்பட்டன. அதன் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, மூப்பின் காரணமாக அடிக்கடி பழுதாகி, 2010 பிப்ரவரியில் அந்த அமைப்பு ஓய்வு பெற்றது. 2011-இல் வந்த புதிய இரயில் நடுவில் மாறாமல் ஒரே மூச்சில் உச்சிக்குச் செல்கிறது; ஒரு தடவையில் நூறு பேர் ஏறலாம். புதிது வந்த பிறகும் பழுதுச் செய்திகள் நின்றபாடில்லை. தொடக்க ஆண்டுகளில் அது மீண்டும் மீண்டும் நின்று, நாளிதழ்களின் கேலிக்கு ஆளானது. 2017 நவம்பர் பெருமழையில் மலைச்சரிவுகளால் சேவையே முடங்கியது. இத்தனை கோடி செலவழித்தும் நிற்கிறதே என்று மக்கள் கோபப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் ஏன் நின்றது என்று கேட்டுப் பார்க்கவேண்டும். இக்காலத்து மலைவண்டிகளும் கேபிள் கார்களும் நிற்பதற்கென்றே கட்டப்பட்டவை. 1997-இல் தொடங்கிய கெந்திங் கேபிள் காரின் நீளம் 3.38 கிலோமீட்டர். இத்தகைய வடம் செல்லும் கோபுரங்களில் உருளைகள் உண்டு. வடம் உருளையின் பள்ளத்திலிருந்து சற்றே விலகினாலும் அங்குள்ள உணர்கருவி மின்சுற்றைத் துண்டிக்கும், வண்டி நிற்கும். காற்று அளவை மீறினால் நிறுத்துவார்கள். இடி மின்னல் நெருங்கினாலும் நிறுத்துவார்கள். வடத்தை இழுக்கும் பெருஞ்சக்கரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரேக்குகள் உண்டு. மின்சாரம் போனால், பயணிகளை மெதுவாக நிலையத்துக்குக் கொண்டுவர டீசல் இயந்திரம் காத்திருக்கும். ஆக, அந்தரத்தில் பத்து நிமிடம் நின்ற வண்டி பெரும்பாலும் தன் கடமையைச் செய்த வண்டி.

நிற்கவேண்டிய நேரத்தில் நிற்காத வண்டியே அஞ்சத்தக்கது. பனிச்சறுக்கு மலைகளில் பெட்டிகளுக்குப் பதில் நாற்காலிகளை வடத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். ஜார்ஜியா நாட்டின் குடாவுரி மலையில் 2018 மார்ச் 16-ஆம் நாள் அப்படியொரு நாற்காலி வரிசை நின்று, பிறகு பின்னோக்கி ஓடத் தொடங்கியது. வேகம் கூடிக்கொண்டே போனது. கீழ்நிலையத்தில் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதின. பலர் குதித்துத் தப்பினார்கள். காயங்களோடு போயிற்று, உயிர்ச்சேதம் இல்லை.

கேபிள் கார் விபத்து என்றதும் நம் மூத்தோர் நினைவுகூர்வது சிங்கப்பூரை. 1983 ஜனவரி 29-ஆம் நாள் மாலை, எண்ணெய் துளைக்கும் கப்பல் ஒன்றின் கோபுரம் வடத்தில் சிக்கியதால் இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்தன. எழுவர் மாண்டனர். பதின்மூவரை ஹெலிகாப்டர்கள் மூலம் இரவோடிரவாக மீட்டார்கள். அது இயந்திரத்தின் பிழையன்று. கப்பலின் உயரத்தைக் கணிக்கத் தவறிய மனிதர்களின் பிழை.

இத்தாலியில் நடந்தது வேறு வகை. அதனை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. 2021 மே 23-ஆம் நாள், மொத்தரோனே மலையுச்சியை நெருங்கிய கேபிள் காரின் இழுவடம் அறுந்தது. வடம் அறுந்தால் பெட்டியைத் தாங்குவடத்தோடு கவ்விப் பிடிப்பதற்கென்று அவசர பிரேக் இருந்தது. அது வேலை செய்யவில்லை. பெட்டி பின்னோக்கிப் பாய்ந்து விழுந்ததில், அதில் இருந்த பதினைவரில் பதினால்வர் இறந்தனர். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் பிழைத்தான். விசாரணையில் வெளிவந்த செய்தி இது: அந்த பிரேக் முன்பே அடிக்கடி தானாக இறுகி வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தது. சேவை தடைபடுகிறதே என்று, ஆளில்லாத பராமரிப்பு நேரத்தில் மட்டும் பயன்படுத்தவேண்டிய கவ்வியைப் போட்டு பிரேக்கையே இயங்காமல் செய்திருந்தார்கள். நின்று நின்று தொல்லை கொடுத்ததை வாயடைத்துவிட்டார்கள். கூட்டம் காத்திருக்கிறது, நட்டமாகிறது என்ற அவசரமும், "ஏன் நிற்கிறது?" என்று நாம் எரிச்சலோடு கேட்கும் அவசரமும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை அல்லவா?

நம்மவர்கள் குடும்பத்தோடு செல்லும் பழனிக்கு வருவோம். அங்கு 1966-இல் இழுவை இரயில் வந்தது. 2004 நவம்பரில் ரோப் கார் வந்தது. 2007-இல் ரோப் கார் பெட்டிகள் மோதி நால்வர் உயிரிழந்தனர். சேவை நிறுத்தப்பட்டு, சீரமைப்புக்குப் பின்னரே மீண்டும் தொடங்கியது. இன்று, பலத்த காற்றடித்தால் உடனே நிறுத்துகிறார்கள். ஆண்டுதோறும் ஒரு மாதத்துக்கும் மேலாகச் சேவையை மூடி, வடத்தையும் பற்சக்கரங்களையும் பெட்டிகளையும் கழற்றிச் சோதித்து, வெறும் பெட்டிகளில் எடை வைத்து ஓட்டிப் பார்த்த பிறகே திறக்கிறார்கள். கடல் கடந்து போன நம் யாத்திரிகர்கள், "பணிக்காக மூடப்பட்டுள்ளது" என்ற அறிவிப்பைப் பார்த்துச் சலித்துக்கொண்டு திரும்பி வந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன். படியேறி முருகனைக் கண்டுவிட்டுத்தான் வந்தார்கள். சலிப்பு மட்டும் போகவில்லை!

அதே பாரத நாட்டில், ஜார்க்கண்டு மாநிலத்தின் திரிகூட மலையில் 2022 ஏப்ரல் 10, இராமநவமியன்று ரோப்வே நின்று பெட்டிகள் மோதிக்கொண்டன. சிக்கியவர்களை மீட்க 40 மணி நேரத்துக்கு மேலாயிற்று. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தும் மூவர் மாண்டனர். மீட்பின்போதே கீழே விழுந்து இறந்தவர்களும் உண்டு. ஆகவே "நின்றால் பாதுகாப்பு" என்று மொட்டையாகச் சொல்லிவிடவும் முடியாது. நின்ற பிறகு எப்படி இறக்குவது என்பதையும் முன்கூட்டியே பயின்றிருக்க வேண்டும். சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் ஆசிரியர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பேன். கட்டணக் கழிவை அடுத்துப் பேசலாம்.

கடைசியாக லிஸ்பன். கொடிமலையைப் போலவே இரண்டு பெட்டிகள் ஒரே வடத்தில் சமன்செய்து ஓடிய குளோரியா மலைவண்டி 1885-இல் தொடங்கியது. 2025 செப்டம்பர் 3-ஆம் நாள் வடம் பெட்டியோடு இணையும் இடத்தில் அறுபட்டு, 16 பேர் இறந்தனர். அன்று காலையிலும் வழக்கமான சோதனை நடந்திருந்தது. குறை எதுவும் கண்ணில் படவில்லை. அறுந்த இடம் கழற்றினாலொழியக் காணமுடியாத இடம் என்று முதற்கட்ட அறிக்கை கூறுகிறது. பயன்படுத்திய வடமும் பயணிகள் வண்டிக்கெனச் சான்று பெற்றதன்று.

கழற்ற வேண்டுமானால் நிறுத்தவேண்டும், நிறுத்தினால் மூடவேண்டும். கொடிமலை இரயிலும் பராமரிப்புக்காக மூடப்படும் நாள்கள் உண்டு. நான் சுற்றுலாத் தேதியைக் குறிக்கும் முன் அந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். அனுமதிக் கடிதத்தோடு பெற்றோருக்கு அனுப்பும் தாளில், "காற்று, மழை, பழுது காரணமாக இரயில் நின்றால் மாணவர்கள் அடிவாரத்தில் காத்திருப்பர், திரும்பும் நேரம் தாமதமாகலாம்" என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுகிறேன்.