பாட்டன் கதையும் படிக்கத் தக்கதே

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழும் அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னையும், தி. ஜானகிராமனின் ‘மோக முள்’ளையும், தகழியின் ‘செம்மீன்’ மொழிபெயர்ப்பையும் உவந்து படித்தவர் அவர். இவற்றுக்குப் பின் தாம் படிக்கத் தக்க நாவல்கள் யாவை என்று கேட்டார். இவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று; கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் தோட்டப்புறங்களிலும் உள்ள வாசகர் பலருக்கும் உரியது. ஆதலின் யாவரும் அறிய இங்கு விடை கூறுவோம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது. 1896இல் ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திர’மும், 1898இல் மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திர’மும் நூலாயின. அக்காலத்திலேதான் நம் முன்னோர் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தனர். ஆயினும் அந்நாவல்கள் பேசிய வாழ்வு இவர்தம் வாழ்வன்று. பின்னர் 1935இல், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் துயரைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் எழுதியது அரிய விதிவிலக்காகும்.

1941ஆம் ஆண்டை நினைமின்! கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலியை உயர்த்துக, கள்ளுக்கடைகளை மூடுக, பிள்ளைகளுக்குக் கல்வி தருக என்று கேட்டனர். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிக என்றும் கேட்டனர். அரசாங்கம் படையை ஏவியது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். சோழநாட்டு வீரன் ஏறிச் சென்ற குதிரையின் நடையை நாம் நன்கறிவோம். நம் பாட்டன் ஏன் சைக்கிளை விட்டு இறங்கினான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இஃது நமக்குப் பெருமையாகுமா?

ஆகவே அன்பருக்கு நாம் கூறுவது இது. முதலில் அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’யைக் கையிலெடுங்கள். 1970களில் இந்நாட்டுக்கு வந்து தோட்ட மக்களை நேரிற் கண்டு அவர் எழுதியது அது. அறிந்த ஆசிரியரின் கைபிடித்து அறியாத மண்ணில் நுழைவது எளிது. அடுத்து, 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. மேடானிலும் பினாங்கிலும் யுத்தகாலத் தமிழர் பட்ட பாட்டை, அவ்வூர்களின் கலப்பு மொழியோடு அது காட்டும்.

பின்னர் இந்நாட்டார் எழுதியவற்றுக்கு வருக. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வெளிவந்தது. ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943இல் முடித்த 415 கிலோமீட்டர் இருப்புப் பாதையில் பல்லாயிரம் தோட்டத் தமிழர் மடிந்தனர். அவர்களுக்கு எழுப்பிய எழுத்துக் கல் அந்நூல். அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ 1948இல் தொடங்கிய அவசரகாலத்தைப் பேசுகிறது. கம்யூனிஸ்டுகளுக்கும் அரசாங்கத்துக்கும் இடையே அகப்பட்ட எளியோரை அதிற் காணலாம். ஆங்கிலம் அறிந்தோர், 1981இல் வெளிவந்த கே. எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’ நாவலையும் படிப்பாராக. ஆங்கிலக் கல்வி பெறும் சிறுவனொருவன் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே கிழிபடுவதை அது கூறும்.

இவையெல்லாம் கலைநயத்தில் ‘மோக முள்’ளுக்கு ஈடாகுமா என்று அன்பர் கேட்கலாம். எல்லாம் ஆகா என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை. நம்மவர் எழுதியது என்பதற்காகக் குறையைக் குணமென்பது அறிவுடைமையன்று. ஆனால், குறையுண்டு என்று கேள்வியுற்றுப் படியாமலே ஒதுக்குவதும் அறிவுடைமையன்று. தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாயின, லயங்கள் இடிந்தன, சயாம் சென்று மீண்டோரும் மறைந்து வருகின்றனர். துரைமாரின் கணக்கேடு அவர்கள் வெட்டிய பாலின் எடையைக் குறித்தது. அவர்கள் நெஞ்சின் பாரத்தைக் குறிக்கவில்லை. அதனைக் குறித்தவை இந்நாவல்களே.

ஆகவே வாங்கிப் படியுங்கள். வீட்டில் முதியவர் இருப்பின் அருகமர்ந்து உரக்கப் படியுங்கள். அவர் இடைமறித்து, “அப்படியன்று, இப்படித்தான் நடந்தது” என்று திருத்துவாராயின், அதனையும் எழுதி வையுங்கள். அடுத்த நாவல் அங்கேதான் பிறக்கும்.