வெளியீடு காணாத பத்தாண்டு: பிட்காயின் கையொப்ப நூலகத்தின் வரலாறு

திறமூல மென்பொருள் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பொதுவாக அதன் பதிப்பு எண்களை வரிசையாக வைத்துக்கொண்டு தொடங்குவர். லிப்செக்பி256கே1 என்னும் நிரல் நூலகத்தின் விஷயத்தில் அதற்கு வழியில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த பீட்டர் வுய்லே இதன் முதல் வரிகளை எழுதியது 2013 மார்ச்சில். முறையான முதல் வெளியீடு வந்ததோ 2022 டிசம்பர் 12 அன்று. அதற்கு இடப்பட்ட எண்ணும் 0.2.0. முந்தைய 0.1.0 உண்மையில் வெளியிடப்படவே இல்லை என்று திட்டத்தின் மாற்றக் குறிப்பேடே சொல்கிறது; 2014-இல் நிரலைக் கட்டும் கருவியோடு வந்து ஒட்டிக்கொண்ட எண் அது. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் பிட்காயின் வலையமைப்பின் பெரும்பாலான கணினிகள் ஒவ்வொரு பரிவர்த்தனையின் கையொப்பத்தையும் இந்த நூலகத்தைக் கொண்டே சரிபார்த்து வந்தன. நூலகத்தின் அறிமுகக் குறிப்போ, இது முடிவுறாத பணி, பயன்படுத்துவோர் தம் பொறுப்பிலேயே பயன்படுத்தவும் என்று எச்சரித்துக்கொண்டிருந்தது.

இந்த முரணைச் சோம்பல் என்றோ நிர்வாகக் குறைபாடு என்றோ தள்ளிவிட முடியாது. எல்லாக் கணினிகளும் ஒரே விடையைச் சொல்லியாக வேண்டிய ஓர் ஏற்பாட்டில், நூலகத்தின் பிழையும் விதியாகிவிடுகிறது. அதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்களின் தயக்கமே இந்தப் பத்தாண்டு மௌனம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2009-இல் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளிவந்த முதல் பிட்காயின் நிரல், கையொப்பக் கணக்குகளை ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்திடம் விட்டுவிட்டது. அன்றைய நிலையில் அதுதான் விவேகம். மறையியலைச் சொந்தமாக எழுதாதே என்பது அத்துறையின் பாலபாடம். அவர் தேர்ந்த நீள்வட்ட வளைகோடுதான் வழக்கத்துக்கு மாறானது. செர்ட்டிகாம் நிறுவனம் முன்னின்ற தரக்குழு 2000-இல் வெளியிட்ட பட்டியலில் செக்பி256கே1 இருந்தது. ஆனால் அதைப் பெரிதாக யாரும் கையாளவில்லை. உலகம் அமெரிக்கத் தர நிறுவனம் பரிந்துரைத்த உடன்பிறப்பு வளைகோட்டையே பயன்படுத்தியது. அந்த உடன்பிறப்பின் மாறிலிகள் எங்கிருந்து வந்தன என்று தெரியாத ஒரு விதையெண்ணில் பிறந்தவை. செக்பி256கே1-இன் சமன்பாட்டிலோ 7 என்ற ஒற்றை எண்தான் உண்டு. 2013-இல் ஸ்னோடன் ஆவணங்கள் வெளியாகி, அரசு அமைப்புகள் பரிந்துரைத்த மறையியல் தரங்கள்மீது ஐயம் பரவியபோது இந்த எளிமை பெரும் பாராட்டுப் பெற்றது. நகமோட்டோ அதை முன்கூட்டியே உணர்ந்துதான் தேர்ந்தார் என்று எழுதுவோர் உண்டு. அதற்கு ஆதாரம் எதையும் அவர்கள் காட்டுவதில்லை.

யாரும் கையாளாத வளைகோடு என்பதால் ஓப்பன்எஸ்எஸ்எல்-இல் அதற்கெனத் தனி உழைப்பு எதுவும் செலவிடப்படவில்லை. பொதுவான கணக்குமுறையே அதற்கும் பயன்பட்டது. ஆனால் இந்த வளைகோட்டுக்கு ஒரு சிறப்புச் சமச்சீர் உண்டு. அதைக் கொண்டு ஒரு நீண்ட பெருக்கலை இரண்டு குட்டைப் பெருக்கல்களாகப் பிரிக்கலாம் என்று கேலன்ட், லாம்பர்ட், வான்ஸ்டோன் ஆகிய மூவர் 2001-இல் ஆய்வுத்தாள் வெளியிட்டிருந்தனர். நகமோட்டோவிடமிருந்து முதன்முதலில் பிட்காயின் பெற்றவரான ஹால் ஃபின்னி, 2011-இன் தொடக்கத்தில் அந்த உத்தியைப் பிட்காயினுக்குப் பொருத்திச் செய்துகாட்டினார். சரிபார்ப்பு கணிசமாக வேகம் பெற்றது. ஆனால் உத்திக்குக் காப்புரிமை இருந்தது. வுய்லேயின் நூலகம் பின்னாளில் இதை உள்ளே எழுதி வைத்துக்கொண்டும், கட்டும்போது தானாக இயங்காதபடி அணைத்தே வைத்திருந்தது. 2020 செப்டம்பரில் காப்புரிமை காலாவதியானது. அடுத்த மாதமே அந்த உத்தி இயல்புநிலைக்கு வந்தது. ஃபின்னி அதைப் பார்க்க இல்லை; 2014 ஆகஸ்ட்டில் இறந்துவிட்டார்.

வுய்லே தொடங்கியபோது இது ஒரு வேகச் சோதனைதான். வளைகோட்டின் கணக்குகள் யாவும் ஒரு பகா எண்ணுக்கு உட்பட்டே நடக்கின்றன: 2²⁵⁶-இலிருந்து 2³²-ஐயும் 977-ஐயும் கழித்தால் கிடைப்பது அது. இரண்டின் அடுக்குக்கு இவ்வளவு நெருங்கியிருப்பதால், பெருக்கலில் மிஞ்சுவதைச் சிறிய எண் ஒன்றால் பெருக்கிக் கூட்டியே மீதியைக் கண்டுவிடலாம். 256 பிட் எண்ணை 64 பிட் பெட்டிகள் நான்கில் இறுக்கி அடைப்பதே எவருக்கும் முதலில் தோன்றும். வுய்லே 52 பிட் வீதம் ஐந்து பெட்டிகளில் தளர்வாக வைத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் மேலே கொஞ்சம் காலி இடம் இருப்பதால், பல கூட்டல்களைச் செய்து முடித்த பிறகு ஒரே முறை ஒழுங்குபடுத்தினால் போதும். இத்தகைய சிறு கெட்டித்தனங்கள் சேர்ந்துதான் அந்த வேகம்.

நூலகத்தின் முதல் வரி எழுதப்பட்ட அதே மாதம் பிட்காயினுக்கு ஒரு விபத்து நேர்ந்தது. 2013 மார்ச் 11, 12 தேதிகளில், பிட்காயின் மென்பொருளின் 0.8 பதிப்பு ஏற்றுக்கொண்ட ஒரு பிளாக்கை (பரிவர்த்தனைத் தொகுதியை) பழைய பதிப்புகள் ஏற்க மறுத்தன. பழையவை பயன்படுத்திய பெர்க்லி தரவுத்தளத்தில் ஒரு பூட்டு வரம்பு இருந்தது. அப்படி ஒரு வரம்பு இருப்பதையே யாரும் அதுவரை உணரவில்லை. பிளாக்குகளின் சங்கிலி இரண்டாகப் பிரிந்தது. புதிய பதிப்பில் மைனிங் செய்தவர்கள் பழையதற்குத் திரும்பச் சம்மதித்ததால் 24 பிளாக்குகளைக் கைவிட்டு நிலைமை சரியானது. தொழில்நுட்ப நோக்கில் 0.8 தவறு ஏதும் செய்யவில்லை. பெரும்பான்மை எந்தப் பிழையோடு வாழ்கிறதோ அந்தப் பிழையோடு ஒத்துப்போகாததே அதன் குற்றம்.

இதே பாடம் ஓப்பன்எஸ்எஸ்எல் வழியாகவும் வந்தது. 2015 ஜனவரி 8 அன்று அந்த நூலகம் ஒரு பாதுகாப்பு வெளியீட்டைத் தந்தது. அதில் வந்த இரண்டு திருத்தங்கள் இந்த வரலாற்றின் நடுப்பகுதியைத் தீர்மானிக்கின்றன.

முதலாவது, பாதுகாப்புக் குறைபாடுகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2014-3570 என்று பதிவான பிழைக்கானது. பெரிய எண்களை வர்க்கப்படுத்தும் சார்பு எப்போதாவது தவறான விடை தந்தது. எதேச்சையாக அது நேரும் வாய்ப்பு, பாதிக்கப்பட்ட 64 பிட் கணினிகளில் 2¹²⁸-இல் ஒன்று. பிரபஞ்சத்தின் வயது முழுக்கச் சோதித்தாலும் தற்செயலாகக் கண்ணில் படாத பிழை. கண்டுபிடித்துத் தெரிவித்தவர் வுய்லே. அவரது நூலகத்தின் சோதனைகள் சாதாரணச் சீரற்ற எண்களோடு நிற்கவில்லை. பூச்சியங்களும் ஒன்றுகளும் நீள நீளமாகத் தொடரும் கோணலான எண்களையும் உருவாக்கின. ஓர் இலக்கத்திலிருந்து அடுத்ததற்கு ஏற்றப்படும் மிகுதி தடுக்கி விழும் இடங்கள் அத்தகைய எண்களில்தான் ஒளிந்திருக்கும். தன் விடையும் ஓப்பன்எஸ்எஸ்எல் விடையும் வேறுபட்டபோது, தவறு மூத்த நூலகத்திடம் இருந்தது. சொந்தமாக எழுதாதே என்ற பாலபாடத்தின்மீது முதல் கேள்விக்குறி விழுந்தது இங்கேதான் என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது திருத்தம் நல்லெண்ணத்தோடு வந்தது. கையொப்பத்தை எப்படிப் பைட்டுகளாக எழுதுவது என்பதற்கு டிஇஆர் என்ற கறாரான வடிவம் உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் அதுவரை இலக்கணப் பிழையான வடிவங்களையும் பொறுத்துக்கொண்டது. இனி மறுக்கும் என்றது. வேறெந்தப் பயன்பாட்டுக்கும் இது முன்னேற்றம். பிட்காயினிலோ, ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐப் புதுப்பித்தவரின் கணினி ஒரு பிளாக்கை மறுக்க, புதுப்பிக்காதவரின் கணினி அதையே ஏற்கும். பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோரின் உருவாக்குநர்கள் அவசரமாக எச்சரிக்கை விடுத்து, பழைய பொறுமையைத் தங்கள் நிரலுக்குள் தாங்களே செய்துவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. விதியின் ஒரு பகுதி, பிட்காயினைப் பற்றி நினைத்தே பார்க்காத வேறொரு குழுவின் கையில் இருந்தது அன்று வெளிப்படையானது.

அதே மாதம் வுய்லே பிப் 66 என்ற முன்மொழிவை எழுதினார்: கறாரான வடிவத்தைப் பிட்காயினின் சொந்த விதியாகவே ஆக்கிவிடலாம் என்பது அதன் சாரம். 2015 ஜூலை 4 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது, பிளாக்குகளை முழுதாகச் சரிபார்க்காமலேயே அவற்றின்மீது அடுத்ததை அடுக்கிக்கொண்டிருந்த சில பெரிய மைனிங் குழுக்கள் செல்லாத சங்கிலி ஒன்றில் ஆறு பிளாக்குகளை வீணாக்கின. அந்த மாத இறுதியில் வுய்லே மற்றொன்றையும் வெளிப்படுத்தினார். கணினியின் வகையைப் பொறுத்து ஓப்பன்எஸ்எஸ்எல் சில கையொப்பங்களை வேறுவேறாகப் படித்தது; வேண்டுமென்றே ஒருவர் சங்கிலியைப் பிளக்க அது போதும். 2014-லேயே தெரிந்திருந்த அந்த ஓட்டையை ஆரவாரமின்றி அடைப்பதும் பிப் 66-இன் நோக்கங்களுள் ஒன்று. திறமூலப் பணியில் எல்லாம் வெளிச்சத்தில் நடக்கும் என்று நம்புவோருக்கு இது உறுத்தலாம். ஆயினும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பின்னணியில் பார்த்தால், நூலகம் பிட்காயின் கோருக்குள் நுழைந்த ஒழுங்கு புரியும். 2015 பிப்ரவரியில் வந்த 0.10 பதிப்பில் கையொப்பமிடும் பணி மட்டுமே ஒப்படைக்கப்பட்டது. தவறாகக் கையொப்பமிட்டால் பாதிப்பு அந்த ஒருவருக்கு; தவறாகச் சரிபார்த்தால் வலையமைப்பே பிளக்கும். ஓராண்டு கழித்து, 2016 பிப்ரவரியில் 0.12 பதிப்பில்தான் சரிபார்ப்பும் மாறியது. 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் அந்த வேலை ஐந்து மடங்குக்கும் மேல் வேகமானது. பழைய பிளாக்குகளிலோ இலக்கணப் பிழையான கையொப்பங்கள் நிரந்தரமாகப் பதிந்திருக்கின்றன. அவற்றையும் படித்தாக வேண்டும். நூலகம் தன் மையத்தைக் கறாராகவே வைத்துக்கொண்டது. பொறுமையாகப் படிக்கும் சார்பு ஒன்றை ஓரமான ஒரு கோப்புறையில் தனியே வைத்தது. பிட்காயின் கோர் அதைத் தன் நிரலுக்குள் எடுத்துக்கொண்டது. 2020-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் பிட்காயின் கோரை விட்டு முற்றிலும் நீங்கியது. அதன் பொறுமை மட்டும் அந்தச் சார்பின் வடிவில் இன்றும் இருக்கிறது.

பராமரிப்பு என்பது இக்காலத்தில் பெரும்பாலும் சோதனைகளைப் பெருக்குவதாகவே இருந்தது. ஆண்ட்ரூ போல்ஸ்ட்ரா 2016-இல் எழுதிய சோதனை, வளைகோட்டையே 13, 199 போன்ற சிறு எண்ணிக்கைப் புள்ளிகள் கொண்டதாகச் சுருக்கி, சாத்தியமான எல்லா உள்ளீடுகளையும் ஒன்று விடாமல் ஓட்டிப் பார்க்கும். கிரெகரி மேக்ஸ்வெல் 2020-இல் சேர்த்தது வேறு வகை. கணக்கிடும் நேரத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து தனிச்சாவியை ஊகித்துவிட முடியும் என்பதால், சாவியைப் பொறுத்து நிரல் கிளை பிரியக்கூடாது. வால்கிரைண்ட் என்ற கருவியிடம் சாவியை மதிப்பிடப்படாத நினைவகம் என்று பொய் சொல்லிவிட்டால், சாவியைப் பார்த்து முடிவெடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் அது புகார் செய்யும்.

இத்தனை கண்டிப்புக்கும் ஒரு விலை இருந்தது. வெளியீடு இல்லாததால் பயன்படுத்தியவர்கள் ஏதோ ஒரு நாளின் நிரலை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டனர். எதீரியத்தின் கோ மொழி மென்பொருள் தன் கோப்புறைக்குள் ஒரு நகலைச் சுமந்தது. டெபியன் தொகுப்பாளர்கள் தேதியையே பதிப்பு எண்ணோடு ஒட்டிக்கொண்டனர். யாரிடம் எந்தத் திருத்தம் இருக்கிறது என்று சொல்ல ஒரு பெயர்கூட இல்லை. வெளியிடாமல் இருந்தால் வாக்குறுதி தரவில்லை என்று பராமரிப்பாளர்கள் எண்ணியிருக்கலாம். உலகம் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டது. என் பார்வையில், 2016-க்குப் பிறகும் தொடர்ந்த மௌனத்தை நியாயப்படுத்துவது கடினம்.

ஷ்னோர் என்ற மற்றொரு வகைக் கையொப்பங்களும், அவற்றைப் பிட்காயின் விதிக்குள் கொண்டுவந்த 2021 நவம்பரின் டாப்ரூட் மாற்றமும் வந்தபின் பயனர் வட்டம் மேலும் விரிந்தது. வுய்லேயுடன் டிம் ரூஃபிங், ஜோனஸ் நிக் ஆகியோர் பராமரிப்பில் நின்ற காலத்தில்தான் 0.2.0 வந்தது. எண் ஒன்று இருப்பதன் பயன் நான்கே மாதத்தில் தெரிந்தது. சி மொழி நிரலில் கிளை பிரியாதபடி கவனமாக எழுதியிருந்த ஓரிடத்தை, கிளாங் கம்பைலரின் 14-ஆம் பதிப்பும் அதற்குப் பிந்தையவையும் தம் கெட்டித்தனத்தால் கிளையாகவே மாற்றிவிட்டன. எழுதியவர் தவறவில்லை, கம்பைலரும் மொழி விதியை மீறவில்லை. ஆனாலும் நேரக் கசிவுக்கு வழி திறந்தது. 2023 ஏப்ரல் 10 அன்று 0.3.1 வெளியானது, எல்லாரும் அதற்கு மாறுங்கள் என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தது. அடுத்த மாதமே ஜிசிசி 13-இல் அதே இனத்துச் சிக்கல் தலைகாட்ட, 0.3.2 வந்தது. 2024 நவம்பரின் 0.6.0 பலர் சேர்ந்து ஒரே கையொப்பமிடும் மியூசிக்2 முறையைக் கொண்டுவந்தது. இப்போது ஒவ்வொரு மாற்றத்தையும் சோதிக்கும் கம்பைலர்களின் பட்டியலில், ஜிசிசி, கிளாங் இரண்டின் இன்னும் வெளியிடப்படாத முன்வரைவுகளும் இருக்கின்றன.