மணிக்கு எத்தனை பேர்?

கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில், டிஸ்னிலாண்டு பூங்காவுக்குள், வெள்ளைத் தூண்கள் வைத்த ஒரு பெரிய மாளிகையை 1963ஆம் ஆண்டு கட்டி முடித்தார்கள். தூண், தாழ்வாரம், இரும்புக் கைப்பிடி எல்லாம் தயார். வாசலில் ஒரு பலகை. குடியேற விரும்பும் ஆவிகளை அழைக்கும் அறிவிப்பு அதில் இருந்தது. உள்ளே காட்டுவதற்கு எதுவும் இல்லை. ஆறு ஆண்டுகள் அந்த வாசலைக் கடந்துபோனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். 1969 ஆகஸ்ட் 9 அன்றுதான் 'ஹான்டட் மேன்ஷன்' மக்களுக்குத் திறந்தது.

தாமதத்துக்குக் காரணங்கள் பல. 1964இல் தொடங்கவிருந்த நியூயார்க் உலகக் கண்காட்சிக்கான வேலை குறுக்கே வந்தது. 1966 டிசம்பர் 15 அன்று பூங்காவின் நிறுவனர் வால்ட் டிஸ்னி காலமானார். பேய் வீடு பயமுறுத்த வேண்டுமா, சிரிக்கவைக்க வேண்டுமா என்று வடிவமைப்பாளர்களுக்குள் இழுபறி வேறு. இவற்றோடு இன்னொரு காரணமும் இருந்தது. முதல் திட்டப்படி மக்கள் குழுக் குழுவாக உள்ளே நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். அப்படி நடக்கவிட்டால் மணிக்கு எத்தனை பேர் பார்த்து முடிப்பார்கள்? ஒரு குழந்தை பயந்து நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டும். பூங்காவுக்கு வரும் கூட்டத்துக்கு அந்த வேகம் போதாது.

நான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் டைம் டேபிள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எத்தனை வண்டி, எத்தனை நடை, இடைவெளி எத்தனை நிமிடம், எத்தனை பேரை ஏற்றலாம் என்பதுதான் என் உத்தியோகம் முழுவதும். மகள் இர்வைனில் இருக்கிறாள். அங்கிருந்து அனஹைம் பக்கம்தான். பேத்தியோடு டிஸ்னிலாண்டு போனபோது, பொம்மைகளையும் விளக்குகளையும் பார்ப்பதைவிட, படகு எத்தனை நொடிக்கு ஒருமுறை புறப்படுகிறது என்று பார்ப்பதில்தான் எனக்கு மனம் போனது. பிறகு அந்தப் பூங்காவைக் கட்டியவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. அவர்கள் கலைஞர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் கணக்குக்காரர்களும்கூட என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

முதல் கணக்குக்காரர் ஹாரிசன் பிரைஸ். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தவர். பூங்காவுக்கு எந்த இடம் சரி என்று 1953இல் வால்ட் டிஸ்னி அவரிடம் கேட்டார். மக்கள் எந்தத் திசையில் குடிபெயர்கிறார்கள், புது நெடுஞ்சாலை எங்கே வருகிறது, வெயிலும் மழையும் எப்படி என்று ஆராய்ந்து, அனஹைமில் ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த 160 ஏக்கரைப் பிரைஸ் காட்டினார். வருடத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், ஒரே நேரத்தில் உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களுக்கு எத்தனை இருக்கை வேண்டும் என்று கணக்கிடும் வழக்கம் இந்தத் தொழிலில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வருடத்தின் மிகப் பெரிய கூட்டத்துக்காகப் பூங்காவைக் கட்டக்கூடாது என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. கட்டினால் மற்ற நாளெல்லாம் பாதி இருக்கை காலியாக ஓடும். சராசரி நாளுக்காகவும் கட்டக்கூடாது. நெரிசலான நாட்களுக்குள் நடுத்தரமான ஒரு நாளை எடுத்துக்கொண்டு அதற்குக் கட்ட வேண்டும். தீபாவளிக் கூட்டத்தைப் பார்த்து வருடம் முழுவதுக்கும் பஸ் வாங்கக்கூடாது என்று எங்கள் பிரிவில் தெரிந்துகொண்டது இதே பாடம்தான். எங்களுக்குச் சிறப்புப் பேருந்து விடும் வசதி இருந்தது. பூங்காவுக்கு அது கிடையாது.

திறந்த நாளிலேயே கணக்கு தடுமாறியது. 1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை, அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். போலி அழைப்பிதழ்களோடு ஆட்கள் நுழைந்து, உள்ளே வந்தவர்கள் ஏறக்குறைய 28,000 பேர். புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகிச் செருப்பில் ஒட்டியது. ரைடுகள் பழுதாகி நின்றன. அன்றைய ரைடுகளில் பல ஒரு தடவைக்குச் சிலரை மட்டுமே ஏற்றக்கூடியவை. பீட்டர் பேன் ரைடில், மேலே கம்பியில் தொங்கிவரும் சின்னக் கப்பலில் ஒரு குடும்பத்துக்குத்தான் இடம். பெரியவர்கள் என்றால் இரண்டு பேரோடு நிறைந்துவிடும். 15 நொடிக்கு ஒரு கப்பல், அதில் மூன்று பேர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மணிக்கு 720 பேர்தான். அந்த ரைடு இன்றும் அதே இயல்போடுதான் ஓடுகிறது. அதனால்தான் அதன் வாசலில் எப்போதும் நீண்ட வரிசை.

1955 அக்டோபரில் டிக்கெட் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று எழுத்திட்ட சீட்டுகள். சாதாரண ரைடுக்கு ஏ, பெரியதற்கு சி. 1956இல் டி சேர்ந்தது, 1959இல் இ. விற்பனைக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் அது கூட்டத்தைப் பங்கிடும் வேலையையும் சேர்த்துச் செய்தது. கையில் ஏ சீட்டு மீதமிருந்தால், வீணாக்குவானேன் என்று அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குதிரை வண்டியில் ஏறுவார். பெரிய ரைடின் வரிசையில் அந்தக் குடும்பம் அப்போது நிற்காது. அன்றைய குடும்பங்களுக்கு விடுமுறைத் திட்டம் என்பதே அந்தப் புத்தகம்தான். எந்தச் சீட்டை எப்போது கிழிப்பது என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினால் போதும். 1982இல் அதை நிறுத்தி, ஒரே கட்டணத்தில் எல்லாவற்றிலும் ஏறலாம் என்று ஆக்கினார்கள். எல்லோரும் பெரிய ரைடுகளுக்கே ஓடினார்கள்.

1959இல் வந்த மேட்டர்ஹார்ன் மலை ரைடைப் பற்றி ஒரு வார்த்தை. உருளைக் குழாய் வடிவ எஃகுத் தண்டவாளம் போட்ட முதல் ரோலர் கோஸ்டர் என்று அதைப் புகழ்வார்கள். மவுண்டன் வியூ ஊரின் ஆரோ டெவலப்மென்ட் நிறுவனம் செய்துகொடுத்தது. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முன்னால் போகிற வண்டி ஒரு பகுதியைத் தாண்டினால்தான் பின்வண்டி அதில் நுழையும்படி செய்தது. ரயில்வேக்காரர்கள் பல காலமாகச் செய்வதுதான். அதனால் ஒரே தடத்தில் பல வண்டிகளைப் பாதுகாப்பாக ஓட்ட முடிந்தது.

திருப்பம் நியூயார்க்கில் நடந்தது. 1964இல் தொடங்கிய உலகக் கண்காட்சிக்கு டிஸ்னி குழு நான்கு காட்சிகளைச் செய்துகொடுத்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் அரங்கில் மேடை அசையாமல் நின்றது, பார்வையாளர்கள் உட்கார்ந்த ஆறு அரங்குகள் வட்டமாகச் சுற்றின. ஒன்றில் ஏறுகிறார்கள், நான்கில் நாடகம் நடக்கிறது, ஒன்றில் இறங்குகிறார்கள். இடைவேளை என்று ஒரு நிமிடம் வீணாவதில்லை. ஃபோர்டு அரங்கில் நிஜமான கார்களையே, தடத்தில் பதித்த சக்கரங்கள் தள்ளிக்கொண்டு போயின. பெப்சி அரங்கின் 'ஸ்மால் வேர்ல்டு' காட்சியில் ஓடும் தண்ணீரே படகுகளைக் கொண்டுபோனது. ஓட்டுநர் வேண்டாம், எஞ்சின் வேண்டாம், ஒன்றன்பின் ஒன்றாகப் படகு வந்துகொண்டே இருக்கும். இவற்றைக் கண்ணால் பார்த்தபிறகு மக்களை நடக்கவைக்கும் யோசனை குழுவுக்குப் பிடிக்காமல்போனது.

கடற்கொள்ளையர் காட்சியான 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' முதலில் மெழுகுச் சிலைகள் வைத்த, நடந்து பார்க்கும் நிலவறையாகத்தான் திட்டமிடப்பட்டது. அதற்குக் குழிகூடத் தோண்டியாயிற்று. நியூயார்க்கிலிருந்து திரும்பியபின் அதைப் படகுச் சவாரியாக மாற்றினார்கள். அவ்வளவு பெரிய சவாரிக்குப் பூங்காவுக்குள் இடம் இல்லை. பூங்காவைச் சுற்றி உயர்ந்த மண்கரை, அதன்மேல் ரயில் ஓடுகிறது. கட்டடத்தைக் கரைக்கு வெளியே கட்டினால்தான் உண்டு. அப்படியானால் படகு ரயில் பாதைக்கு அடியில் நுழைந்து போக வேண்டும். அதற்காக வைத்தவைதான் அந்த இரண்டு அருவிச் சரிவுகள். குழந்தைகள் கூச்சலிட்டு இறங்கும் சரிவு, பூமிக்கு அடியில் போவதற்கான வழி! 1967 மார்ச் 18 அன்று திறந்தது. ஒரு படகில் 20 பேர், 30 நொடிக்கு ஒரு படகு என்றால் மணிக்கு 2,400 பேர். ஏற்றுகிறவர் பத்து நொடி தாமதித்தால் அது 1,800 ஆகிவிடும். படகுத்துறையில் நிற்கும் இளம் ஊழியர்கள் "எத்தனை பேர்?" என்று கேட்டு, விரலால் வரிசை எண்ணைக் காட்டி, அடுத்த குடும்பத்துக்குத் திரும்பும் வேகத்தைப் பாருங்கள். அந்த 600 பேர் அவர்கள் கையில் இருக்கிறார்கள்.

முதலில் சொன்ன பேய் மாளிகைக்குக் கிடைத்த விடை இன்னும் அழகானது. பாப் கர் என்ற வண்டி வடிவமைப்பாளரும் அவர் சகாக்களும் 'ஆம்னிமூவர்' என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். 1967 ஆகஸ்டில் வேறொரு ரைடில் முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். நிற்காத சங்கிலி ஒன்று, அதில் கோத்த வண்டிகள். பயணிகள் ஏறுவது ஓடும் பட்டையிலிருந்து. பட்டையும் வண்டியும் ஒரே வேகத்தில் நகர்வதால் ஏறுவதற்கு வண்டி நிற்க வேண்டியதில்லை. அனஹைம் மாளிகையில் இப்படி 131 வண்டிகள். ஒவ்வொன்றும் கறுப்புச் சிப்பிபோல் முதுகும் பக்கமும் மூடியிருக்கும். பக்கத்து வண்டிக்காரர் தெரியமாட்டார். போகிற வழியில் வண்டியே திரும்பி, எதைப் பார்க்க வேண்டுமோ அதற்கு நேராக உங்கள் முகத்தைக் கொண்டுபோய் நிறுத்தும். கூட்டத்தை நகர்த்தச் செய்த வண்டி, அப்படியே கதை சொல்லியாகவும் ஆனது. நடந்துபோயிருந்தால் நம் கண் கூரையையும் கதவையும் மேய்ந்துகொண்டிருக்கும்.

மாளிகை வாசலில் படங்கள் நீண்டுகொண்டே போகும் எட்டுமூலை அறை ஒன்று இருக்கிறது. பேத்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டது அங்கேதான். அந்த அறை உண்மையில் ஒரு லிஃப்ட். தரை கீழே இறங்குகிறது, சுவர் நீள்வதுபோல் தெரிகிறது. இங்கும் ரயில் பாதைக்கு அடியில் போய்க் கரைக்கு வெளியே இருக்கும் கட்டடத்தை அடைய வேண்டுமே! ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் 1971இல் இதேபோன்ற மாளிகையைத் திறந்தபோது கீழே இறங்கும் தேவை இல்லை. ஆனாலும் அந்த அறையை விட மனமில்லாமல், அங்கே கூரையை மேலே ஏற்றினார்கள். முழங்கால் வலியுள்ள நான் ஓடும் பட்டையில் ஏறத் தயங்கியபோது, ஊழியர் ஒருவர் சைகை காட்ட, வண்டிகள் அத்தனையும் எனக்காக மெதுவாகின. இந்த மாளிகை திறந்த மறுவாரம், 1969 ஆகஸ்ட் 16 அன்று, பூங்காவுக்கு ஒரே நாளில் 82,516 பேர் வந்தார்கள்.

1999க்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் உவப்பு இல்லை. அந்த வருடம் 'ஃபாஸ்ட்பாஸ்' வந்தது. இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால், இந்த ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வா என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். பணம் வாங்கவில்லை. ஆனால் அந்தச் சீட்டால் ஒரே ஒரு இருக்கைகூடக் கூடவும் இல்லை. 100 இருக்கையில் 80ஐச் சீட்டு உள்ளவர்களுக்கு ஒதுக்கினால், சீட்டில்லாத வரிசைக்கு மிஞ்சுவது 20. அவர்கள் நகரவே மாட்டார்கள். வரிசையில் நிற்காதவர்கள் நடைபாதையில் நின்றார்கள், அங்கும் நெரிசல். 2021இல் அந்த இலவசச் சீட்டு போய், காசு கொடுத்து முந்திப்போகும் 'லைட்னிங் லேன்' வந்தது. "அப்பா, காலையிலேயே போனில் எல்லாத்தையும் பிடிச்சாத்தான் உண்டு" என்று மகள் சொன்னாள். முதல் மணி நேரம் அவள் பார்த்தது போனை. பேத்தி பார்த்தது அம்மாவை.

வரிசை நீண்டால் இருக்கையைக் கூட்ட வேண்டும். 1960களில் அந்தக் குழு அதைத்தான் செய்தது, அந்த நெருக்கடியிலிருந்துதான் அவர்களுடைய மிகச் சிறந்த படைப்புகள் பிறந்தன. இப்போதும் அது முடியாததல்ல. 2012இல் ஃபுளோரிடாவில் பறக்கும் யானை டம்போவை இரட்டிப்பாக்கினார்கள். 16 யானைகள் சுற்றிய இடத்தில் 32. முறை வரும்வரை குழந்தைகள் கூடாரத்துக்குள் விளையாடும்படி அப்போது அமைத்தார்கள். இடத்தைக் காசுக்கு விற்பதைவிட இதுதான் நேர்மையான வழி என்பது என் தீர்மானமான கருத்து.

அனஹைம் போகிறவர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு, ஒரு டைம் டேபிள்காரன் சொல்வது இது. கதவு திறந்ததும் நேரே பீட்டர் பேனுக்குப் போங்கள். அடுத்து டம்போ. குறைந்த இருக்கையுள்ள ரைடுகளைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். பைரேட்ஸ், மாளிகை, ஸ்மால் வேர்ல்டு மூன்றையும் உச்சிவெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும், உள்ளே நிழலும் குளிர்ச்சியும் உண்டு. செப்டம்பர் வாக்கில் தொடங்கிப் புத்தாண்டு வரை மாளிகைக்குப் பண்டிகை அலங்காரம் செய்வதால் அந்த மாதங்களில் மட்டும் அங்கே கூட்டம் அதிகம், அப்போது அதையும் காலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தெந்த ரைடு பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்ற பட்டியலைப் பூங்காவே வெளியிடுகிறது. டிக்கெட் வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.