ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை: வீடு திரும்பிய பின்னரும் தொடரும் பூஞ்சைத் தொற்று அபாயம்

ரத்தப் புற்றுநோய் உள்ளிட்ட நோய்களுக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்றவர்களின் உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும் சிக்கல்களுள் பூஞ்சைத் தொற்றும் ஒன்றாகும்.

காரணம்: சிகிச்சைக்கு முன் அளிக்கப்படும் தீவிர மருந்துகளால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து, நியூட்ரோபில் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழ் குறைகின்றன. அப்போது குடலில் வாழும் கேண்டிடா பூஞ்சை ரத்தத்தில் கலக்கக்கூடும். காற்றில் பரவும் ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகள் நுரையீரலைத் தாக்கக்கூடும்.

வெள்ளணுக்கள் மீண்ட பின்னரும் அபாயம் நீங்குவதில்லை. கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்கினால் ஸ்டீராய்டு மருந்துகள் தரப்படுகின்றன. அவை எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால், பல மாதங்கள் கழித்தும் தொற்று ஏற்படலாம்.

தற்காப்பு: பனச்சமூடு போன்ற கேரள-தமிழக எல்லைக் கிராமங்களுக்குத் திரும்புவோர், மட்கிய இலைகள், எரு, கட்டுமானத் தூசி, பூஞ்சை படர்ந்த ஈரச்சுவர் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

சிகிச்சை: சிடி ஸ்கேன், காலக்டோமன்னன் ரத்தப் பரிசோதனை ஆகியவை தொற்றைக் கண்டறிய உதவுகின்றன. ஃப்ளுகோனசோல், போசகோனசோல் போன்ற தடுப்பு மருந்துகள், உடன் உட்கொள்ளும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் உயர்த்தும் என்பதால், அவற்றைத் தாமாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினாலோ, இருமல், நெஞ்சுவலி, முகத்தின் ஒருபுற வீக்கம் தோன்றினாலோ, அன்றே மாற்று சிகிச்சை மையத்தைத் தொடர்புகொள்வது அவசியம்.