லபடி அவென்யூ ஒப்பந்தமும் (1911) வெள்ளையர் வெளியேற்றமும்: ஒரு மறுவாசிப்பு

அமெரிக்க நகரங்களின் நடுத்தர வர்க்கக் குடியிருப்புகளிலிருந்து வெள்ளையர் வெளியேறிய வரலாற்றை எழுதப் புகும் எவரும் தாமஸ் ஷெல்லிங்கைத் தாண்டிப் போக முடிவதில்லை. 1971-இல் அவர் முன்வைத்த மாதிரி பொருளியல் வகுப்புகளில் பாடமாகி, பத்திரிகைகளில் புழங்கி, இன்று பொதுப்புத்தியாகவே நிலைத்துவிட்டது. அதன் சாரம் இதுதான்: யாருக்கும் யார் மீதும் வெறுப்பு இருக்கத் தேவையில்லை, அக்கம்பக்கத்தில் தன்னைப் போன்றவர்கள் ஓரளவாவது இருக்கட்டும் என்ற விருப்பம் போதும், ஊர் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். செயின்ட் லூயிஸ் நகரத் தெரு ஒன்றின் ஒப்பந்தத்தை வைத்துப் பார்க்கும்போது இந்த விளக்கம் நிற்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தத் தெருவில் இரு இனத்தவரும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அருகருகே வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்திருந்ததற்கும் பின்னர் பிரிந்ததற்குமான காரணத்தை அண்டை வீட்டாரின் மனத்தில் தேடுவதைவிட, வீட்டுக்கு விலை வைத்த ஏற்பாடுகளில் தேடுவதே பொருந்தும்.

1. ஷெல்லிங்கின் பலகை

ஷெல்லிங்குக்கு உரிய நியாயத்தை முதலில் செய்துவிட வேண்டும். ஒரு குடியிருப்பில் கருப்பினத்தவரின் பங்கு ஓர் அளவைத் தாண்டியதும் வெள்ளையர் கூட்டமாக வெளியேறுகிறார்கள் என்ற 'கவிழ்புள்ளி'க் கருத்தை மார்ட்டன் குரோட்சின்ஸ் 1957-லேயே பரவலாக்கியிருந்தார். அந்தப் புள்ளி எப்படி உருவாகிறது என்பதற்குக் கணிதம் வகுத்தவர் ஷெல்லிங். கட்டம் போட்ட பலகை, இரு நிறக் காய்கள், சில காலிக் கட்டங்கள். சுற்றியுள்ள காய்களில் போதிய பங்கு தன் நிறமாக இல்லாவிட்டால் காய் இடம் மாறும். மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தாலே, சில சுற்றுகளில் பலகை நிறவாரியாகத் திரண்டுவிடுகிறது. தனி மனிதர் ஒவ்வொருவரும் மிதமானவராக இருந்தும் மொத்த விளைவு தீவிரமாக முடியலாம் என்ற அவரது கண்டுபிடிப்பில் பிழை இல்லை.

பிரிவினைக்கு மூன்று வழிகள் உண்டு என்று அவரே பிரித்துக் காட்டினார்: திட்டமிட்ட கூட்டுச் செயல், பொருளாதார ஏற்றத்தாழ்வு, தனி மனிதரின் தேர்வு. முதல் இரண்டையும் ஒதுக்கிவைத்து மூன்றாவதை மட்டும் ஆராய்வதாகவும் சொன்னார். மாதிரி கட்டுபவர் அப்படிச் செய்யலாம். ஆனால் வரலாற்று விளக்கமாக அந்த மாதிரி பயணப்பட்டபோது, ஒதுக்கிவைத்த இரண்டும் முக்கியமற்றவை என்ற எண்ணமும் கூடவே பயணப்பட்டது. இதற்கு வாசகர்கள் மட்டும் பொறுப்பல்ல. மூன்று வழிகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்கக்கூடியவை என்ற அனுமானத்தில் தொடங்கியவர் ஷெல்லிங்தான். என் மறுப்பு அந்த அனுமானத்தின் மீதே.

பலகையின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் மூன்று நிபந்தனைகள் தெரிகின்றன. காலிக் கட்டம் எதுவாயினும் இரு நிறக் காய்களும் அதில் போய் அமரலாம். இடம் மாறச் செலவில்லை. கட்டத்துக்கு விலையும் இல்லை. செயின்ட் லூயிஸில் இம்மூன்றில் ஒன்றுகூட உண்மையாக இருந்ததில்லை. புறநகரின் காலிக் கட்டங்கள் ஒரு நிறத்துக்கு மட்டுமே திறந்திருந்தன. அந்நிறத்தவர் இடம் மாற அரசு கடனுக்குக் காப்பு அளித்தது. மற்ற நிறத்தவர் அருகில் வந்தால் விலை இறங்கும் என்று அதே அரசின் கையேடு மதிப்பீட்டாளருக்குக் கற்பித்தது. இவற்றை நீக்கிவிட்டால் எஞ்சும் 'விருப்பம்' தூய விருப்பமாக இருக்காது. விலை குறித்த அச்சம் விருப்பம் என்ற பெயரில் பதிவாகியிருக்கும்.

2. ஒப்பந்தத்தின் கணக்கு

இனத் தடை ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948 மே 3 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஷெல்லி எதிர் கிரேமர் தீர்ப்பு எல்லோரும் அறிந்தது. அதன் சட்டப் பகுதி பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. அதன் தொடக்கத்தில் நீதிமன்றம் தொகுத்துத் தரும் உண்மை விவரங்களை வெள்ளையர் வெளியேற்றம் பற்றிய சான்றாகப் படிக்கும்போது அவை வேறொரு கதையைச் சொல்கின்றன.

1911 பிப்ரவரி 16 அன்று, டெய்லர் அவென்யூவுக்கும் கோரா அவென்யூவுக்கும் இடைப்பட்ட லபடி அவென்யூவின் இருபுறத்து 39 உரிமையாளர்களில் 30 பேர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பதிவு செய்தார்கள். கருப்பினத்தவரும் மங்கோலிய இனத்தவரும் அந்த மனைகளில் ஐம்பது ஆண்டுகளுக்குக் குடியிருக்கக் கூடாது என்பது அதன் விதி. ஒப்பந்தம் குறிப்பிட்ட பகுதியில் மொத்தம் 57 மனைகள். கையெழுத்திட்டவர்களுக்கு உரியவை 47. அந்த நாளிலேயே 5 மனைகள் கருப்பினத்தவருக்குச் சொந்தமாக இருந்தன. அவற்றில் ஒன்றில் 1882 முதல் கருப்பினக் குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. பின்னாளில் வழக்குக்கு உள்ளான வீட்டை ஒட்டிய தென்புறத்து 9 வீடுகளில் 7 வீட்டு உரிமையாளர்கள் கையெழுத்திடவில்லை.

இந்த எண்களைச் சேர்த்து வைத்தால், தீர்ப்பு வெளிப்படையாகச் சொல்லாத ஒன்று கிடைக்கிறது. கையெழுத்தில் அடங்காத மனைகள் 10. தம்மையே விலக்கும் பத்திரத்தில் கருப்பினத்தவர் கையெழுத்திட்டிருக்க மாட்டார்கள் என்று கொண்டால், அவர்களின் 5 மனைகளும் இந்தப் பத்துக்குள் அடங்கும். தென்புறத்து 7 வீடுகளும் இதே பத்துக்குள்தான். பத்துக்குள் ஐந்தும் ஏழும் அடங்க வேண்டுமானால், குறைந்தது இரண்டாவது இரு பட்டியலிலும் இருந்தாக வேண்டும். எனவே அந்தச் சிறு வரிசையின் ஒன்பது வீடுகளில் குறைந்தது இரண்டு கருப்பினத்தவருடையவை. அதே வரிசையில் கையெழுத்திட மறுத்த அல்லது தவறிய வெள்ளை உரிமையாளர் வீடுகளும் குறைந்தது இரண்டு. தடுக்க வேண்டும் என்று வரிந்துகட்டியவர்கள் தெரு முழுவதும் பரவியிருக்க, கருப்பினத்தவர் வீடுகளுக்கு மிக அருகிலிருந்த வரிசையில்தான் கையெழுத்து மிகக் குறைவு.

ஒரு வீட்டுக்கு ஒரு மனை என்று இக்கணக்கு எடுத்துக்கொள்கிறது. கையெழுத்திடாத வெள்ளையர் மனமுவந்து விலகினார்களா, வெளியூரில் இருந்தார்களா என்பதை எண்கள் சொல்லா. ஆயினும் ஒன்பதில் இரண்டு என்பது 22 விழுக்காடு. டேவிட் கார்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, 1970-க்குப் பிந்தைய தரவுகளிலிருந்து பெரும்பாலான நகரங்களின் கவிழ்புள்ளி 5-க்கும் 20-க்கும் இடையே இருப்பதாகக் கணித்தது. அது கணக்கெடுப்பு வட்டாரங்களை அளந்தது. நான் ஒரு வீட்டு வரிசையை அளக்கிறேன். இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் ஷெல்லிங்கின் பலகையில் கணக்கில் வருவது பக்கத்து வீடுதானே. அந்த அளவில் இந்த வரிசை கவிழ்ந்திருக்க வேண்டும். கவிழவில்லை.

3. 1922-உம் 1945-உம்

1945-இல் வழக்குத் தொடரப்பட்டபோது நான்கு வீடுகளில் கருப்பினத்தவர் 23 முதல் 63 ஆண்டுகள் வரை வாழ்ந்துவந்ததாகத் தீர்ப்பு குறிக்கிறது. இந்த நான்கு, அந்த ஒன்பதில் நான்கா, ஐம்பத்தேழில் நான்கா என்பது வாசகத்தின் அமைப்பில் தெளிவாக இல்லை. முதலாவது என்றால் என் வாதம் இருமடங்கு வலுப்பெறும். இரண்டாவது என்றே எச்சரிக்கையாகக் கொள்கிறேன். 63 ஆண்டு என்பது 1882 குடும்பத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. 23 ஆண்டு என்பது நம்மை 1922-க்குக் கொண்டுபோகிறது. அதாவது ஒப்பந்தம் பதிவாகிப் பதினோரு ஆண்டுகள் கழித்து ஒரு வீட்டில் கருப்பினத்தவர் குடியேறி, 1945 வரை இருந்திருக்கிறார்கள். இத்தகைய ஒப்பந்தங்கள் செல்லும் என்று மிசௌரி உச்ச நீதிமன்றம் 1918-லேயே தீர்ப்பளித்திருந்த நிலையில் இது நடந்திருக்கிறது.

அந்த வீடு கையெழுத்தில் அடங்காத மனையாக இருந்திருக்கலாம், சட்டம் தொட முடியாத இடமாக இருந்திருக்கலாம் என்ற மறுப்பு நியாயமானது. அதை ஏற்றுக்கொண்டாலும் ஷெல்லிங்குக்கு அது உதவாது. அவரது காய்கள் சட்டத்தைப் பார்த்து நகர்வதில்லை; பக்கத்துக் காயின் நிறத்தைப் பார்த்து நகர்கின்றன. 1922-க்குப் பின் பக்கத்து வீட்டின் நிறம் மாறியும் வெள்ளையர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். ஒப்பந்தம் தந்த நம்பிக்கையால் இருந்தார்கள் என்று சொன்னால், இருப்பைத் தீர்மானித்தது ஒரு பத்திரம், விருப்பம் அல்ல என்றாகிவிடும்.

ஒப்பந்தம் 1911-இல் ஏன் தோன்றியது என்பது தனிக் கேள்வி. கருப்பின மாணவருக்கான சம்னர் உயர்நிலைப் பள்ளி, நடந்து போகும் தூரத்திலுள்ள வில் பகுதிக்கு இடம் பெயர்ந்த காலம் அது. இடமாற்ற ஆண்டு 1910 என்றும் 1911 என்றும் இருவிதமாகக் குறிக்கப்படுகிறது. முதலாவது சரியென்றால் பள்ளியின் வருகை ஒப்பந்தத்துக்கு உடனடித் தூண்டுதல் என்று கொள்ள இடமுண்டு. ஆசிரியர்களும் தொழில் நடத்துவோரும் கொண்ட கருப்பின நடுத்தர வர்க்கம் வில் பகுதியில் திரண்டதற்கு அப்பள்ளி ஒரு காரணம் என்பதால் இந்தத் தொடர்பு எனக்கு உறுதியாகவே படுகிறது. தேதி நிலைபெறாதவரை அதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

1945-இல் ஜே. டி. ஷெல்லியும் எத்தல் ஷெல்லியும் 4600 லபடி அவென்யூ வீட்டை வாங்கியபோது மட்டும் ஏன் வழக்கு மூண்டது? எல்லோரும் கையெழுத்திட்டால்தான் செல்லுபடியாகும் என்று எண்ணி எழுதப்பட்ட பத்திரம் முழுமை பெறவே இல்லை என்று விசாரணை நீதிமன்றம் முடிவு செய்து ஷெல்லி குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அரைகுறையாகக் கிடந்த ஒரு பத்திரத்துக்கு 1945-இல் உயிர் வந்தது எப்படி? போர்க்காலக் குடிபெயர்வும் வீட்டுப் பஞ்சமும் ஒரு பகுதி விடை. மறு பகுதி இடைப்பட்ட காலத்தில் அச்சான ஒரு கையேட்டில் இருக்கிறது.

4. கையேட்டின் பதிப்புகள்

ஹோமர் ஹாய்ட் 1933-இல் வெளியிட்ட சிகாகோ நில மதிப்பு ஆய்வு, இனங்களை நில மதிப்புக்கு நன்மை செய்வோர் முதல் கேடு செய்வோர் வரை பத்துப் படிகளில் வரிசைப்படுத்தியது. ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் முதல் படியில், கருப்பினத்தவர் ஒன்பதாவது, மெக்சிகர் பத்தாவது. மேற்குச் சிகாகோ வீட்டுத் தரகர் ஒருவரின் கருத்தே அதற்கு ஆதாரம். அடுத்த ஆண்டு தொடங்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் தலைமை வீட்டுப் பொருளியலாளர் ஆனார் ஹாய்ட். நிர்வாகத்தின் 1938 மதிப்பீட்டுக் கையேடு, பொருந்தாத இனக் குழுக்கள் அருகில் உள்ளனவா, அவை உள்ளே வரக்கூடுமா என்று ஆராயும்படி மதிப்பீட்டாளருக்குக் கட்டளையிட்டது. குடியிருப்பு நிலைபெற அதே சமூக, இன வகுப்பினரே தொடர்ந்து வசிக்க வேண்டும் என்று அதன் 937-ஆம் பத்தி கூறியது. இனத் தடை ஒப்பந்தத்தைப் பாதுகாப்புகளில் ஒன்றாக வேறொரு பத்தி பரிந்துரைத்தது.

1947 பதிப்பில் இனம் என்ற பேச்சே இல்லை. அதன் இடத்தில், வேறுபட்ட பயனாளர் குழுக்கள் கலந்திருந்தால் அக்கலப்பு குடியிருப்பின் ஈர்ப்பைக் குறைக்குமா என்று தீர்மானிக்க வேண்டும் என்ற பொதுவான அறிவுரை வருகிறது. இத்திருத்தம் ஷெல்லி தீர்ப்புக்கு ஓராண்டு முந்தியது. ஆகவே தீர்ப்பின் விளைவு அல்ல. மதிப்பீட்டாளர் செய்ய வேண்டிய வேலையும் மாறவில்லை. அன்று இனத்தைப் பார்த்து மதிப்பைக் குறைக்கச் சொன்னார்கள். 1947-இல் வாங்க வருபவர் எதைப் பார்த்து விலகுவார் என்று ஊகித்துக் குறைக்கச் சொன்னார்கள். புதிய தடை ஒப்பந்தங்கள் உள்ள வீடுகளுக்குக் காப்பு இல்லை என்ற அறிவிப்பு 1949 டிசம்பரில்தான் வந்தது. அதுவும் 1950 பிப்ரவரி 15-க்குப் பின் பதிவாகும் பத்திரங்களுக்கு மட்டும். கள மதிப்பீட்டாளரின் நடைமுறை எந்த ஆண்டில் மாறியது என்பதைப் பதிப்புகளைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

ஷெல்லிங் பேசும் விருப்பம் இங்கேதான் உருவாகிறது. 1922-இல் பக்கத்து வீட்டில் கருப்பினத்தவர் குடியேறியதைக் கண்ட வெள்ளையரின் முன் இப்படியொரு அரசுக் கையேடு இல்லை. 1945-இல் இருந்தது. அது கூறிய விலை வீழ்ச்சி உண்மையும் அல்ல. பல நகரங்களில் ஏறத்தாழ 10,000 விற்பனைகளை ஆராய்ந்த லூயிஜி லாரன்டி, 1960-இல் வெளியிட்ட நூலில், கருப்பினத்தவர் குடியேறிய பகுதிகளின் விலையை வெள்ளையர் மட்டும் வாழ்ந்த பகுதிகளோடு ஒப்பிட்டார். சுமார் 85 விழுக்காடு ஒப்பீடுகளில் விலை சமமாக இருந்தது அல்லது கூடியிருந்தது. விலை உண்மையில் விழுந்த இடங்களில், பீதியைக் கிளப்பி வெள்ளையரிடம் மலிவாக வாங்கி, வேறு போக்கிடமில்லாத கருப்பினத்தவருக்குக் கொள்ளை விலைக்கு விற்ற தரகர்களின் கை இருந்தது.

5. புறநகர்

செயின்ட் லூயிஸ் நகரின் மக்கள்தொகை 1950-இல் 8,56,796. 1980-இல் ஏறத்தாழ 4,53,000. லியா பூஸ்டன் 2010-இல் நகரங்கள் பலவற்றின் 1940–1970 தரவுகளை வைத்து, ஒரு கருப்பினத்தவர் நகருக்கு வந்தால் சராசரியாக 2.7 வெள்ளையர் வெளியேறினர் என்று காட்டினார். வெளியேற்றம் மெய், அதை நான் மறுக்கவில்லை. வெளியேறியவர்கள் எந்தக் கட்டங்களுக்குப் போனார்கள் என்பதே கேள்வி. செயின்ட் லூயிஸ் கவுண்டியின் பேடாக் வுட்ஸ் குடியிருப்பில் இனத்தைக் காட்டி ஒருவருக்கு வீடு விற்க மறுத்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1968 ஆயிற்று. ஃபெர்குசனுக்கும் அதை ஒட்டிய கருப்பின ஊரான கின்லாக்குக்கும் இடையிலான சாலையைச் சங்கிலி கட்டி மறித்திருந்ததும் 1960-களின் இறுதிவரை நீடித்தது. 1970-இல் பிளாக் ஜாக் பகுதி தன்னைத் தனி நகராக்கிக்கொண்டு, திட்டமிடப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பை மண்டல விதியால் தடுத்தது. 1974-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது என்றது.

ஷெல்லிங்கின் கை ஓங்கும் இடம் இதற்குப் பிந்தைய காலம். சட்டத் தடைகள் நீங்கிய பின்னும் ஃபெர்குசனில் கருப்பினத்தவரின் பங்கு 1990-இல் சுமார் 25 விழுக்காடாக இருந்து 2010-இல் 67 ஆயிற்று. இருபதே ஆண்டில் நடந்த இந்த மாற்றம் கவிழ்தலைப் போலவே தோன்றுகிறது. பழைய ஏற்பாடுகள் விட்டுச்சென்ற அச்சம் ஒரு தலைமுறை கடந்தும் வேலை செய்தது என்பது என் விடை. மேலும் மேற்கே உள்ள புறநகர்கள் பெரிய மனை விதிகளால் சிறு வீடுகளைத் தடுத்துவந்ததால் காலிக் கட்டங்கள் அப்போதும் இரு சாராருக்கும் சமமாகத் திறந்திருக்கவில்லை. இந்தப் பகுதியில் என் சான்றுகள் லபடி அவென்யூ அளவுக்கு நெருக்கமானவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கே விருப்பமும் ஏற்பாடும் சேர்ந்து இயங்கின என்பதற்கு மேல் சொல்வது மிகையாகும்.

ஆனால் வரிசைமுறை தெளிவு. முதலில் கலந்து வாழ்ந்த தெரு, பிறகு பத்திரம், பிறகு கையேடு, அதன் பிறகே வெளியேற்றம். ஷெல்லிங்கின் மாதிரி கடைசிக் கட்டத்தை முதல் காரணமாக்குகிறது. வெளியேற்றத்தை மனித இயல்பின் விளைவு என்று கொள்ளும்போது அதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. கையெழுத்திட்ட முப்பது பேரும், கையேட்டை எழுதிய அலுவலகமும், பீதியை விற்ற தரகர்களும் அந்த விளக்கத்தில் மறைந்துபோகிறார்கள். ஒப்பந்தத்தின் 39 உரிமையாளர்களையும் அவரவர் மனைகளோடு பொருத்திப் பார்க்கும் பணி, நகரின் பத்திரப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து இனிச் செய்யப்பட வேண்டியது. கையெழுத்திடாத அந்த வெள்ளை உரிமையாளர்கள் யார் என்பது தெரியவந்தால், அண்டை வீட்டாரின் சகிப்புக்கு எல்லை எது என்ற கேள்விக்கு எந்தப் பலகையும் தராத விடை கிடைக்கும்.